எது தமிழ்ப்படம்?

(சிவகிரியில் கூடிய தமிழன்பர் நடுவே ஆற்றப்பெற்ற உரை)

 

மேற்கு மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்திருக்கும் இச் சிவகிரியில், மாலை வேளைகளில் தேநீர்க்கடைப் பலகைகளின்மேல் நிகழும் சொற்போர்களுள் செம்பாதி திரைப்படம் பற்றியவையே. எலுமிச்சை விலையும் நெல் விலையும் கண்மாய்த் தண்ணீரும் விரைந்து பேசி முடிக்கப்பெறுகின்றன. நடிகர் ஒருவரின் பெயர் எழுந்துவிட்டாலோ குரல்கள் உயர்கின்றன. தேநீர் கையிலேயே ஆறிப்போகின்றது. பாட்டன் காலத்தில் தியாகராச பாகவதரா, பி.யு. சின்னப்பாவா என்பது வழக்கு. தந்தை காலத்தில் ம.கோ.இரா.வா, சிவாசி கணேசனா என்றாயிற்று. அதன்பின் இரசினிகாந்தா, கமலகாசனா என்றும், அதற்கும் பின் விசய்யா, அசித்தா என்றும் பெயர்கள் மாறினவேயன்றி வழக்கு மாறவில்லை. தீர்ப்பும் இன்றுவரை வழங்கப்பெறவில்லை.

இவ் வழக்குக்குப் பக்கத்திலேயே கற்ற இளைஞர் நடத்தும் வழக்கு ஒன்றும் உண்டு. நடிகன் வெறுங் கருவியே, இயக்குநனே படைப்பாளி என்பார் ஒருவர். மக்கள் காசு கொடுத்துப் பார்ப்பது நடிகன் முகத்தையே, இயக்குநன் முகத்தை எவன் கண்டான் என்பார் மற்றொருவர். விருது பெற்ற கலைப்படங்களே படங்கள், ஏனையவை குப்பை என்று ஒருவர் சொல்ல, உறக்கம் வராதவனுக்கு அப் படங்களே மருந்து என்று மற்றவர் விடையிறுப்பார். இவ் வழக்கு முன்னதைவிட உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. முகத்தை விட்டுவிட்டு வேலைப்பாட்டைப் பேசுகின்றதன்றோ? ஆயினும் இரண்டு வழக்குகளிலும் ஒரு கேள்வி மட்டும் எழுவதே இல்லை. அந்தப் படம் எந்த மொழியில் பேசியது? தமிழில் பேசியதா, தமிழ் போன்ற ஏதோ ஒன்றில் பேசியதா? இக் கேள்வியைக் கேளாமல் கலைப்படம், வணிகப்படம் என்று கோடு கிழிப்பது, வேலியை விட்டுவிட்டு வயலுக்குள் பாத்தி பிரிப்பது போன்றதே.

முதற்கண், இப் பிரிவினை தமிழருக்குப் புதிதன்று. கூத்தினை 'வேத்தியல்' என்றும் 'பொதுவியல்' என்றும் இரண்டாகப் பகுத்த செய்தி சிலப்பதிகாரத்திலேயே உள்ளது. வேந்தன் அவையில் ஆடுவது வேத்தியல்; பொதுமக்கள் காண ஆடுவது பொதுவியல். இன்றைக்கு விருதுக் குழுவினர் முன் காட்டப்பெறும் படத்தை வேத்தியல் என்றும், கொட்டகையில் ஓடும் படத்தைப் பொதுவியல் என்றும் கொண்டால் பொருந்தாமற் போகாது. ஆனால் முன்னோர் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைப் பழிக்கவில்லை. இரண்டுக்கும் இலக்கணம் வகுத்தனர். அரங்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையதாதல் வேண்டும், கோலின் அளவு இருபத்துநான்கு விரல் என்றெல்லாம் அரங்கேற்று காதை அளந்து சொல்கின்றது. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று திரையிலேயே மூன்று வகை கண்ட இனம் இது. எழினியாவது திரை. அதே திரையின் பெயரைக் கொண்டதே இன்றைய திரைப்படம்.

சுவைக்கும் இலக்கணம் உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலையே வகுத்து, சிரிப்பு முதலாக மகிழ்ச்சி ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை விரித்தார். ஒவ்வொன்றும் எதனால் தோன்றும் என்பதற்கு நந்நான்கு நிலைக்களன்களும் சொன்னார். திரைப்படம் பார்க்கும் ஒருவன், இந்தக் காட்சியில் அழுகை எதனால் பிறந்தது, இழிவினாலா, இழந்ததனாலா, நிலை தாழ்ந்ததனாலா, வறுமையினாலா என்று கேட்கத் தொடங்குவானாயின், அயல்நாட்டுத் திறனாய்வு நூல் எதுவும் இல்லாமலேயே அவன் தேர்ந்த சுவைஞன் ஆகிவிடுவான்.

சுவைஞன் என்ற சொல்லைக் கருதித்தான் ஆட்டவேண்டும். 'ரசிகன்' என்பது வடசொல். அதனை விட்டு ஆங்கிலத்துக்குப் போனவர்கள் 'ஃபேன்' என்பதைப் பிடித்துக்கொண்டு, அதனைத் தமிழாக்குவதாக எண்ணி 'விசிறி' என்று எழுதினர். இன்ன நடிகரின் விசிறி என்று அச்சிட்ட தாள்கள் எத்தனையோ. அந்த ஆங்கிலச் சொல் காற்று வீசும் விசிறி அன்று; 'ஃபனாட்டிக்' என்னும் சொல்லின் குறுக்கம். அதன் பொருள் வெறியன் என்பது. தமிழெழுத்தில் ஆய்தத்தை விட்டு எழுதினால் 'பேன்' என்றாகும். அதுவும் தலைமேல் ஏறிக்கொள்வதே. சுவைஞனுக்கும் வெறியனுக்கும் உள்ள இடைவெளி சிறிதன்று. 2023 சனவரியில் 'துணிவு', 'வாரிசு' என்னும் இரு படங்கள் ஒரே நாளில் வெளியாயின. நள்ளிரவுக் காட்சிக்குத் திரண்ட கூட்டத்தில், சென்னைக் கோயம்பேட்டில் ஊர்ந்து சென்ற சரக்குந்தின்மேல் ஏறி ஆடிய பத்தொன்பது அகவை இளைஞன் ஒருவன் கீழே விழுந்து இறந்தான். ஒரு தாய் வயிற்றில் பிறந்து பத்தொன்பது ஆண்டு வளர்ந்த உயிர், ஒரு படத்தின் முதற்காட்சிக்கு முன் முடிந்துபோயிற்று. அந்தப் படத்தில் அவன் மொழி எந்த நிலையில் இருந்தது என்பதை அவன் அறியவில்லை. அறிய வாய்ப்பும் பெறவில்லை.

இனி, திரைப்படத்தின் தமிழ் கடந்து வந்த வழியைச் சிறிது காண்போர்க்குப் பல உண்மைகள் புலப்படும்.

பேசும்படம் வருவதற்கு முன்னரே, குரலுக்காக மக்கள் திரண்ட காலம் ஒன்று இருந்தது. இம் மாவட்டத்துச் செங்கோட்டையில் பிறந்த கிட்டப்பாவின் பாட்டைக் கேட்க ஊர்விட்டு ஊர் வண்டி கட்டிப் போனார்கள். 1933இல், முப்பது அகவை நிரம்பும் முன்னரே அவர் மறைந்தார். பேசும்படம் அவரைப் பிடித்துக்கொள்ள வாய்ப்பில்லாது போயிற்று. அவர் துணைவியார் கே.பி. சுந்தராம்பாள் 1935இல் 'நந்தனார்' படத்தில் நடிக்க ஓரிலக்கம் உருபா பெற்றார். நடிகர்க்குக் கொட்டிக் கொடுப்பது இன்றைய கேடு என்பார் இதனை நினைவிற் கொள்ளல் நன்று. ஆனால் அன்று கொடுத்தது குரலுக்கு. சொல் தெளிவாக ஒலிக்கும் குரலுக்கு.

1931 அகுத்தோபரில் வெளிவந்த முதற் பேசும்படமாகிய 'காளிதாசு' தமிழ்ப்படமா என்பதே ஐயத்துக்குரியது. நாயகி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி கூற, இந்தியும் ஊடே கலந்தது. பின்வந்த படங்கள் மேடை நாடகங்களின் படிகளாகவே இருந்தன. நாற்பது ஐம்பது பாட்டுகள். இடையிடையே 'பிராணநாதா', 'சுவாமி' என்னும் கலப்பு நடை. இந் நிலையை மாற்றியவருள் முதன்மையாக வைத்துப் பேசத்தக்கவர் இளங்கோவன். 1937இல் வந்த 'அம்பிகாபதி'க்கும் 1942இல் வந்த 'கண்ணகி'க்கும் அவர் எழுதிய உரையாடல், திரையில் தமிழுக்கு முதன்முறையாக ஓர் இருக்கை அளித்தது எனலாம்.

இங்கே இயக்குநர் வழக்காடுவோர் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 'அம்பிகாபதி'யை இயக்கியவர் எல்லிசு ஆர். தங்கன் என்னும் அமெரிக்கர். ம.கோ.இரா. முதன்முதலாகத் தோன்றிய 'சதிலீலாவதி'யையும் (1936), பின்னர் 'மந்திரி குமாரி'யையும் (1950) இயக்கியவர் அவரே. தமிழ் அறியாதவர். படக்கலை நன்கறிந்தவர். அவர் படங்களில் தமிழ் செழித்தது எங்ஙனம்? உரையாடல் எழுதியவர் தமிழராகவும் தமிழ் கற்றவராகவும் இருந்தமையால். ஆகவே இயக்குநனே முழுப் படைப்பாளி என்னும் கோட்பாடு மேனாட்டுக்குப் பொருந்தினும் தமிழ்த் திரைக்கு முழுமையாகப் பொருந்தவில்லை. இயக்குநன், நடிகன் என்னும் இருவரைப் பற்றிய வழக்கில் மூன்றாமவனாகிய உரையாடலாசிரியன் வாயிலிலேயே நிறுத்தப்பட்டுவிட்டான். 1949இல் அண்ணாவின் 'வேலைக்காரி', 1952இல் கலைஞரின் 'பராசக்தி' ஆகியவை வந்தபோது மக்கள் அவனையும் உள்ளே அழைத்தனர். உரையாடல் பொத்தகத்தை வாங்கி மனப்பாடஞ் செய்து ஊர்த் திண்ணைகளில் பேசிக்காட்டினர். எழுதப் படிக்க அறியாதவனும் மூன்று தொடர்களைப் பிழையின்றி ஒலித்தான். எதுகையும் மோனையும் மிகுதி என்று அக்காலத்துத் திறனாய்வாளர் சிலர் குறை கூறினர். மிகுதிதான். பட்டினி கிடந்தவன் முதல் உணவை அள்ளித்தான் உண்பான்.

சிவாசி கணேசனைப் பற்றியும் ம.கோ.இரா. பற்றியும் ஒரு சொல். முன்னவர் ஒலிப்பில் லகர, ளகர, ழகரங்கள் அவ்வவற்றின் இடத்தில் நின்றன. 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் பட விழாவில் அவர் சிறந்த நடிகர் விருது பெற்றார். அதே 1959இல் கண்ணதாசன் உருவாக்கிய 'சிவகங்கைச் சீமை'யும் வந்தது. கட்டபொம்மனுக்கு முன் அது எடுபடவில்லை. சிவகிரியார்க்கு இதில் தனி ஈடுபாடு இருத்தல் இயல்பே. 1799இல் சிவகிரிப் பாளையத்தின் உட்பூசலில் கட்டபொம்மன் தலையிட்டதும் கும்பினியார் அவன்மேல் படையெடுத்த கரணியங்களுள் ஒன்று. திரையில் வாள் சுழற்றியவனின் பகையும் உறவும் இந்த மண்ணிலேயே கிடந்தன. அந்தப் படத்தைப் பார்த்துக் கைதட்டியவர்களுள் எத்தனை பேர் தம் ஊரின் வரலாற்றைத் தேடிப் படித்தனர் என்பது வேறு கேள்வி.

ம.கோ.இரா. மன்றங்களோ 1972 அகுத்தோபரில் ஒரே கிழமைக்குள் கட்சிக் கிளைகளாக உருமாறின. அதன் விளைவைத் தமிழகம் அறியும். நடிகனைச் சூழ்ந்த கூட்டம் அரசியலாவதைப் பற்றிப் பேசினால் இவ் வுரை வேறு திசையிற் போய்விடும்.

இனிக் கலைப்படம். 1954இல் வீணை எசு. பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்' வந்தது. பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் பேசும்படம் அது. அதில் சிவாசி கணேசன் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாக வருகின்றார். கொலையுண்டவனைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு வகையாகச் சொல்லும் கட்டமைப்பு. சுவைஞர் வியந்தனர். வெறியர் வெகுண்டனர்; தம் நடிகன் முதற்காட்சியிலேயே இறந்துகிடப்பதா என்பது அவர் சினம். 1965இல் செயகாந்தன் தம் கதையைத் தாமே 'உன்னைப்போல் ஒருவன்' என்று படமாக்கினார். சேரி மக்கள் பேசுவதுபோலவே பேசினர். நடுவணரசின் சான்றிதழ் கிடைத்தது, கொட்டகை கிடைக்கவில்லை. படத்தை மக்கள் ஏற்கவில்லை என்று பலர் எழுதினர். மக்களுக்குக் காட்டியிருந்தாலன்றோ ஏற்பதும் மறுப்பதும்!

1977 தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஒரு விளைச்சற் காலம். பாரதிராசாவின் '16 வயதினிலே' (1977) கூடத்தைவிட்டு வெளியேறி ஊருக்குள் நுழைந்தது. மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979), உருத்திரையாவின் 'அவள் அப்படித்தான்' (1978), பாலு மகேந்திராவின் 'அழியாத கோலங்கள்' (1979), துரையின் 'பசி' (1979), செயபாரதியின் 'குடிசை' (1979), பாலசந்தரின் 'தண்ணீர் தண்ணீர்' (1981), அரிகரனின் 'ஏழாவது மனிதன்' (1982) எனத் தொடர்ந்து வந்தன. இவற்றுள் கடைசிப் படத்துக்கு முதல் போட்டவர் பாளையங்கோட்டைக்காரர். பாரதியின் பாடல்களையே பாட்டாகக் கொண்டது அது. 'உதிரிப்பூக்க'ளுக்கு வித்து, நெல்லைப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'. 'தண்ணீர் தண்ணீர்' கோமல் சுவாமிநாதனின் நாடகம். கரிசற் காட்டு வறட்சி அதன் கரு. ஆக, தமிழ்க் கலைப்படத்தின் வேர்களில் நல்ல பங்கு இந்தத் தென்பாண்டி மண்ணில் ஊன்றியது.

இந்தப் பெயர்களை மீண்டும் ஒருமுறை ஒலித்துப் பார்த்தல் வேண்டும். முள்ளும் மலரும். உதிரிப்பூக்கள். அழியாத கோலங்கள். பசி. குடிசை. தண்ணீர் தண்ணீர். அத்தனையும் தமிழ். ('மனிதன்' என்பதை 'மாந்தன்' என்று திருத்த விரும்புவார் திருத்திக்கொள்க.) இவற்றுக்குத் தமிழில் பெயரிடுக என்று அரசு ஆணையிடவில்லை, வரிவிலக்குக் காட்டி அழைக்கவும் இல்லை. கதை தமிழ் வாழ்க்கையிலிருந்து பிறந்தமையால் பெயர் தானாகவே தமிழாக வந்தது.

வணிகப்படம் போன வழியை இதனோடு ஒப்பிடுக. 1950களிலும் 60களிலும் வணிகப்படங்களும் பெரும்பாலும் தமிழ்ப் பெயரே தாங்கின. 1990களுக்குப் பின் 'சென்டில்மேன்' (1993), 'சீன்சு' (1998), 'பாய்சு' (2003) என்று ஆங்கிலம் சுவரொட்டியில் ஏறி அமர்ந்தது. தமிழியக்கத்தார் கிளர்ந்தெழுந்து 2004, 2005 ஆம் ஆண்டுகளில் போராடினர். 2006இல் தமிழ்ப் பெயர் தாங்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி முழுவதும் விலக்கப்பெறும் என்று தமிழக அரசு அறிவித்தது. உடனே ஒரு விந்தை நிகழ்ந்தது. 'ஜில்லுன்னு ஒரு காதல்' என்று அறிவிக்கப்பட்டிருந்த படம் 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'ரோபோ' என்று பேசப்பட்ட படம் 2010இல் 'எந்திரன்' என வந்தது. தொல்காப்பியர் வடவெழுத்தை விலக்கச் சொல்லியும் கேளாதவர், வரி அலுவலர் சொன்னதும் கேட்டனர்!

2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்தது. தமிழ்ப் பெயருக்கான பழைய கேளிக்கை வரிவிலக்கு போயிற்று. அதன்பின் வந்த பெயர்களைப் பார்த்தால் போதும். 'மாசுட்டர்' (2021), 'பீசுட்' (2022), 'செயிலர்' (2023), 'கேப்டன் மில்லர்' (2024), 'த கிரேட்டசுட் ஆப் ஆல் டைம்' (2024), 'குட் பேட் அக்லி' (2025), 'தக் லைப்' (2025). விலக்கு இருந்த பத்தாண்டுகளில் தமிழ்ப்பற்று எவ்வளவு இருந்தது என்பதற்கு, விலக்கு நீங்கிய பின் வந்த இப் பட்டியலே அளவுகோல். 2025இல் வந்த 'கூலி' மட்டும் ஆங்கிலம் போலத் தோன்றித் தமிழாய் நிற்கின்றது. அச் சொல்லைத் தமிழிலிருந்து உலகம் கடன் கொண்டது என்று கருதுவார் உளர்.

அதே காலத்தில் மறுபக்கம் 'பரியேறும் பெருமாள்' (2018), 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018), 'அசுரன்' (2019), 'கூழாங்கல்' (2021), 'வாழை' (2024) என்று படங்கள் வந்தன. வரிவிலக்கு இல்லாமலேயே தமிழ்ப் பெயர்கள். 'கூழாங்கல்' 2021இல் நெதர்லாந்தின் இராட்டர்டாம் பட விழாவில் முதற்பரிசாகிய புலி விருதைப் பெற்றது. தமிழ்ப் பெயர் வைத்தால் வெளிநாட்டார்க்கு விளங்காது என்று சொல்லும் படமுதலாளிக்கு இதனைவிட வேறு விடை வேண்டுவதில்லை.

இங்கே தூயதமிழன்பர் சிலர் ஒரு தடையை எழுப்புவர்; அத்தடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. "பெயர் தமிழாயிருக்கலாம். உள்ளே பேசும் பேச்சு கொச்சையன்றோ? 'பராசக்தி'யின் செந்தமிழ் எங்கே, 'ஏலே', 'வாலே' என்னும் இப் பேச்சு எங்கே? கொச்சையை வெள்ளித்திரையில் ஏற்றிப் புகழ்வது மொழிக்குச் செய்யும் கேடன்றோ?" என்பர். ஐம்பதாண்டுகளாக இவ் ஐயம் தமிழியக்கத்துக்குள் நிலவிவருகின்றது. கலைப்படங்களின்பால் தமிழன்பர் பலர் பாராமுகமாய் இருந்தமைக்கு இதுவே உள்ளுறை கரணியம் எனலாம்.

இதற்கு விடை சொல்லத் தக்கவர் சங்கரன்கோவிலில் 1902இல் பிறந்த மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகரமுதலியின் குறைகளை அவர் எடுத்துக்காட்டியபோது, நாட்டுப்புறத்தார் நாவில் வழங்கும் தென்சொற்கள் நூற்றுக்கணக்கில் அதிற் சேர்க்கப்படவில்லை என்பதையும் ஒரு குற்றமாகவே சாட்டினார். அவர்க்கு உழவனும் இடையனும் மொழிச் சான்றாளர். திருத்தமில்லாத ஒலிப்பு வேறு, வழக்காறற்றுப் போகாத பழஞ்சொல் வேறு என்னும் பகுப்பு அவர்பால் தெளிவாக இருந்தது. நெல்லை நாட்டு வீடுகளில் ஏனம் கழுவும் இடத்துக்கு இன்றும் 'அங்கணம்' என்றே பெயர். திருக்குறளில் உள்ள சொல் அது. மெதுவாகப் போ என்னாது 'பைய'ப் போ என்பர்; அதுவும் குறளிலும் கழக நூல்களிலும் பயின்ற சொல்லே. முறம் இங்குச் 'சுளகு'. குளிர் இங்குக் 'கூதல்'. இவற்றைப் பேசும் மூதாட்டியைக் கொச்சை பேசுபவள் என்று நகைத்துவிட்டு, 'லைப்ல ஒரு சான்சு' என்று பேசும் நாயகனை நாகரிகன் என்று கொள்வது, பொன்னைத் தூக்கியெறிந்து பித்தளைக்கு மெருகு போடுவதாகும்.

கோவிற்பட்டிக் கரிசலைச் சேர்ந்த பூமணி 1982இல் எழுதிய புதினத்தின் பெயர் 'வெக்கை'. அதனை வெற்றிமாறன் 'அசுரன்' என்று படமாக்கினார். சிறந்த தமிழ்ப்படத்துக்கான நாட்டு விருதும், நடித்த தனுசுக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தன. கொட்டகைகளிலும் நன்கு ஓடிற்று. வேத்தியலும் பொதுவியலும் ஒரே படத்தில் பொருந்திய காட்சி இது. ஒரு சிறு வருத்தம்: 'வெக்கை' என்னும் கரிசற்சொல் 'அசுரன்' என்னும் வடசொல்லாக மாறியது. வெயிலிற் காய்ந்த மண்ணின் மூச்சே அச்சொல்லில் இருந்தது. சுவரொட்டியில் அது வந்திருந்தால் சென்னையிலும் கோவையிலும் ஒரு தலைமுறை அச்சொல்லைக் கற்றிருக்கும்.

ஆகவே, செந்தமிழ் உரையாடலா வட்டார வழக்கா என்பது பொய்யான போட்டி. மன்னன் கதையில் செந்தமிழ் ஒலிக்கலாம். கரிசற் கதையில் கரிசற்றமிழ் ஒலிக்கலாம். இரண்டும் ஒரு தாயின் பிள்ளைகள். விலக்கத்தக்கது மூன்றாவதாக நுழைந்த கலப்பு நடை. அதனை வணிகப்படம் நிரம்ப வளர்த்தது. நகரத்துக் கலைப்படங்கள் சிலவும் 'இயல்பு' என்னும் பெயரால் வளர்த்தன. இயல்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு எதனையும் உள்ளே விடலாம் என்றால், வாயிற்காவலன் எதற்கு?

கலைப்படக்காரர் பக்கமும் குற்றம் உண்டு. சிலர் தில்லிக் குழுவினர்க்காகவே படமெடுத்தனர். பேச்சைக் குறைத்தால் கலை என்றும், அசைவைக் குறைத்தால் உயர்ந்த கலை என்றும் எண்ணினர். அவர்தம் படங்கள் சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் புளியங்குடிக்கும் வரவேயில்லை. 1980களில் ஞாயிறு பிற்பகல்களில் தூரதரிசனம் விருதுப் படங்களைக் காட்டியபோது, ஊர்ப் பொதுத் தொலைக்காட்சியின் முன் பத்துப்பேர் அமர்ந்து பார்த்ததோடு சரி. பொதுமக்கள் அறிவில்லாதவர் என்று கலைப்படக்காரர் சொல்வதும், கலைப்படம் பித்தர் வேலை என்று வணிகப்படக்காரர் சொல்வதும் ஒரே செருக்கின் இரு முகங்கள்.

மலைக்கு அப்பால் என்ன நடந்தது என்பதையும் காணலாம். சிவகிரி மலையின் மறுசரிவு கேரளம். அங்கே 1965இல் தகழியின் புதினத்திலிருந்து 'செம்மீன்' எடுக்கப்பெற்று, தென்னாட்டுக்கு முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் பொற்பதக்கத்தைக் கொண்டுவந்தது. (பெயரைப் பாருங்கள்: செம்மை, மீன். தமிழிலிருந்து பிரிந்துபோன மொழியிலும் தமிழ்தான் பதக்கம் வாங்கியது.) அதே ஆண்டில் அடூர் கோபாலகிருட்டிணனும் நண்பரும் திருவனந்தபுரத்தில் 'சித்திரலேகா' என்னும் படக்கழகத்தைத் தொடங்கினர், பார்ப்பவனை முதலில் உருவாக்கினர். தமிழ்ப்படம் ஒன்று நாட்டின் சிறந்த படத்துக்கான தங்கத் தாமரையைப் பெற 1991வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்தப் படம் இந்திரா பார்த்தசாரதியின் கதையை ஒட்டிய 'மறுபக்கம்'. இயக்கிய சேதுமாதவன் பாலக்காட்டுக்காரர்.

அக் கேரளத்திலேயே இன்னொன்றும் நடந்தது. 1977இல் 'அக்கிரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப்படத்தை இயக்கிச் சிறந்த தமிழ்ப்படத்துக்கான நாட்டு விருது பெற்றவர் சான் ஆபிரகாம். படமுதலாளிகளிடம் அலைந்து சலித்த அவர், 1984இல் நண்பருடன் 'ஒடேசா' என்னும் குழுவைக் கோழிக்கோட்டில் அமைத்தார். ஊர் ஊராகச் சென்று தெருவில் திரைகட்டி நல்ல படங்களைக் காட்டினர். பார்த்தவர் கொடுத்த சில்லறையைச் சேர்த்தனர். அந்தச் சில்லறையைக் கொண்டு எடுத்த படமே 1986இல் வந்த 'அம்ம அறியான்'. நுழைவுச் சீட்டு வாங்கியவன் அல்லன், முதல் போட்டவனே அங்குப் பார்ப்பவன். தமிழ்நாட்டில் மன்றங்களுக்குக் குறைவில்லை, பணத்துக்கும் குறைவில்லை. வெட்டுருவத்தின் தலையில் ஊற்றிய பாலின் விலையை மட்டும் ஒரு மாவட்டத்தில் கூட்டிப் பார்த்தாலும் ஒரு சிறு படத்துக்குத் தொடக்கப் பணம் தேறும்.

எனவே சிவகிரி இளைஞர் செய்யத்தக்க ஒன்று உண்டு. மிகுந்த செலவில்லாதது. நடிகர் பெயரில்லாத ஒரு சுவைஞர் மன்றம் அமைத்தல். திங்களுக்கு ஒரு படம். ஊர்ப் பள்ளியிலோ திருமண மண்டபத்திலோ, உரிமையாளரிடம் முறையாக இசைவு பெற்று. பார்ப்பதற்கு முன் மூலக்கதையைப் படித்துவிட்டு வருதல். முதல் திங்கள் 'உதிரிப்பூக்கள்'. அதற்கு முன் 'சிற்றன்னை'. இரண்டாம் திங்கள் 'அசுரன்'. அதற்கு முன் 'வெக்கை'. மூன்றாம் திங்கள் யாரும் வெறுத்து ஒதுக்காதிருக்கும்பொருட்டு ஒரு நல்ல வணிகப்படம். 'பராசக்தி' ஆயினும் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஆயினும் பொருந்தும். படம் முடிந்ததும் நடிகன் பெரியவனா இயக்குநன் பெரியவனா என்னும் வழக்கைத் தாராளமாக நடத்தலாம், அதனைத் தடுப்பாரில்லை. ஆனால் அதற்கு முன் கால் மணி நேரம் ஒரு குறிப்பேட்டை எடுத்து, அப் படத்தில் ஒலித்த ஊர்ச்சொற்களை ஒரு பக்கமும், தேவையின்றி நுழைந்த ஆங்கிலச் சொற்களை மறுபக்கமும் எழுதிவைத்தல் வேண்டும். ஊர்ச்சொல்லின் பொருள் தெரியாவிடில் வீட்டிலுள்ள ஆச்சியைக் கேட்டு எழுதுக. ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பேட்டின் படி ஒன்றை இவ் விதழுக்கு விடுத்தால், முதற்பக்கத்துச் சொற்கள் பொருளுடன் வெளியிடப்பெறும்.